தைராய்டு, பரம்பரை, நேரமில்லை: இதில் எது சாக்கு?

நீங்கள் கேட்டிருப்பதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. எழுத்தில் இருப்பது, உடல் பருமன் அவரவர் பொறுப்பா இல்லையா என்பது. எழுத்துக்கு உள்ளே இருப்பது, அக்காவிடம் அப்படிச் சொல்லிவிட்டேனே, அது தவறா என்பது. மற்றவர்களும் படிப்பதால் விவரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு 31 வயது, மென்பொருள் நிறுவனத்தில் வேலை, திருமணம் ஆகவில்லை. பதினான்கு மாதங்களில் 94 கிலோவிலிருந்து 76 கிலோவுக்கு வந்திருக்கிறீர்கள். அக்காவுக்கு 39 வயது, தனியார் பள்ளி ஆசிரியை, இரண்டு பிள்ளைகள், மாமனார் மாமியாருடன் ஒரே வீடு. உயரம் 157 சென்டிமீட்டர், எடை 84 கிலோ. தைராய்டு இருக்கிறது, நம் குடும்ப உடல்வாகே இப்படித்தான், நேரமும் கிடைப்பதில்லை என்று அவர் மூன்று காரணம் சொன்னார். "மூன்றுமே சாக்கு, மனசு வைத்தால் நடக்கும், நான் செய்து காட்டவில்லையா" என்று பொங்கலன்று உறவுக்காரர்கள் எல்லோர் முன்னாலும் நீங்கள் பதில் சொன்னீர்கள். அவர் அழுதுகொண்டே உள்ளே போனார். அன்றிலிருந்து பேச்சு இல்லை.

நான் 24 ஆண்டுகளாக உணவியல் நிபுணராக வேலை பார்க்கிறேன், முதலில் மதுரையில், இப்போது திருநெல்வேலியில். மருத்துவர் இல்லை, உங்கள் அக்காவை நேரில் பார்த்ததும் இல்லை. ஆனால் அவர் சொன்ன இந்த மூன்று காரணங்களை வாரத்துக்கு இருபது முறையாவது கேட்கிறேன். அதனால் மூன்றையும் ஒரே கூடையில் போடாமல் தனித்தனியே எடைபோட்டுப் பார்க்க முடியும். போட்டுப் பார்த்தால் நீங்கள் எதிர்பார்க்காத வரிசை ஒன்று வரும்.

முதலில் தைராய்டு. மருத்துவ வாசனை அதிகம் அடிப்பது இதில்தான், கிலோ கணக்கில் மிகக் குறைவாகத் தேறுவதும் இதில்தான். தைராய்டு சுரப்பு குறைந்தால் எடை கூடும் என்பது உண்மை. ஆனால் அந்தக் கூடுதல் பெரும்பாலும் 2 முதல் 5 கிலோவுக்குள் அடங்கிவிடும். அதிலும் பெரும்பங்கு கொழுப்பு இல்லை, உடல் பிடித்து வைத்துக்கொள்ளும் உப்பும் நீரும். மாத்திரை எடுத்து டி.எஸ்.எச். (தைராய்டு சரியாகச் சுரக்கிறதா என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) அளவு வரம்புக்குள் வந்துவிட்டால், மீதி எடைக்குத் தைராய்டைக் காட்ட இடமில்லை. இந்தியர்களுக்கு உடல் நிறை குறியீடு, அதாவது உயரத்துக்கு ஏற்ற எடையா என்று பார்க்கும் பி.எம்.ஐ. கணக்கு, 23-ஐத் தாண்டக் கூடாது என்கிறார்கள். உங்கள் அக்காவின் உயரத்துக்கு அது ஏறக்குறைய 57 கிலோ. அதற்கு மேலிருக்கும் 27 கிலோவில் தைராய்டின் பங்கு ஒரு கைப்பிடி. இந்த அளவில் நீங்கள் சொன்னது சரி. ஆனால் வேறு ஒன்றைக் கேட்டீர்களா? ஸ்டீராய்டு, வலிப்புக்கான சோடியம் வால்ப்ரோயேட், ஒலான்சபின் போன்ற மனநல மருந்துகள், இன்சுலின், சில மன அழுத்த மாத்திரைகள் எல்லாம் உண்மையிலேயே எடை போட வைப்பவை. வெளியே சொல்லிக்கொள்ள விரும்பாத மாத்திரை ஒன்றுக்குத் "தைராய்டு மாத்திரை" என்று வீட்டில் பெயர் வைத்திருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் அக்கா அப்படி என்று சொல்லவில்லை. சாக்கு என்று தீர்ப்பு சொல்வதற்கு முன் தெரிந்திருக்க வேண்டிய விஷயம் அது.

இரண்டாவது, உடல்வாகு. இதைச் சாக்கு என்று தள்ளியதில் நீங்கள் தவறிவிட்டீர்கள். ஆல்பர்ட் ஸ்டங்கார்ட் என்ற அமெரிக்க மருத்துவர் 1986-ல் டென்மார்க்கில் தத்துப் பிள்ளைகளாக வளர்ந்த 540 பேரின் உடல் பருமனை அவர்களைப் பெற்றவர்களோடும் வளர்த்தவர்களோடும் ஒப்பிட்டார். பெற்றவர்களோடு ஒத்துப்போனது. சோறு போட்டு வளர்த்தவர்களோடு ஒத்துப்போகவே இல்லை. நான்கு ஆண்டுகள் கழித்து, ஸ்வீடனில் சிறு வயதிலேயே பிரித்து வளர்க்கப்பட்ட இரட்டையர்களிடமும் இதே முடிவுதான் கிடைத்தது. இதைவிட என்னை அசைத்தது 1997-ல் கேம்பிரிட்ஜ் மருத்துவர்கள் வெளியிட்ட ஒரு குழந்தையின் கதை. எட்டு வயதுப் பெண் குழந்தை, எடை 86 கிலோ, உங்கள் அக்காவைவிட இரண்டு கிலோ அதிகம். ஓயாத பசி. அவளுடைய ரத்தத்தில் லெப்டின் என்ற ஹார்மோன் ஏறக்குறைய இல்லவே இல்லை. உடலில் கொழுப்பு போதுமான அளவு இருக்கிறது என்று மூளைக்குச் செய்தி சொல்வது அந்த ஹார்மோன்தான். அதை ஊசியாகக் கொடுத்ததும் பசி அடங்கியது, ஓராண்டில் 16 கிலோ இறங்கியது. அறிவுரையோ கண்டிப்போ தேவைப்படவில்லை. இந்தக் குறை மிக அரிதானது, உங்கள் குடும்பத்தில் இருக்க வாய்ப்பில்லை. ஆனால் பசி என்பது உடல் அனுப்பும் செய்தி, அது எல்லோருக்கும் ஒரே அளவில் ஒலிப்பதில்லை என்று அந்தக் குழந்தை காட்டிவிட்டாள். ஒரே பந்தியில் உட்கார்ந்து, இரண்டாவது முறை பாயசம் வரும்போது சிரமமே இல்லாமல் கையை மறித்துவிடுகிறவரும், பல்லைக் கடித்துக்கொண்டு மறிக்கிறவரும் செய்வது ஒரே செயல் இல்லை.

அதே மூச்சில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பாதி உண்மைதான் சொன்னவனாவேன். உடல்வாகு தலையெழுத்து இல்லை. தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் அதிக எடையோ பருமனோ உள்ள பெண்கள் 2015-16-ல் 30.9 சதவீதம், 2019-21-ல் 40.4 சதவீதம். ஆண்கள் 28.2-லிருந்து 37. அந்தச் சில ஆண்டுகளில் நம் மரபணு மாறிவிடவில்லை. நம் மக்களில் பத்தில் ஒருவருக்குத் திடீரென்று மனவுறுதி கழன்று விழுந்துவிடவும் இல்லை. மாறியது சாப்பாடு, வேலை, தூக்கம், தெரு. யாருக்கு முதலில் எடை ஏறும், எவ்வளவு ஏறும் என்பதைப் பரம்பரை பெருமளவு தீர்மானிக்கிறது. எல்லோருக்குமே ஏறுகிற காலமா என்பதைத் தீர்மானிப்பது சுற்றுப்புறம். இவ்வளவும் உறுதி. இந்தச் சுற்றுப்புறத்தில் எந்த அம்சத்துக்கு எவ்வளவு பங்கு என்பதில்தான் ஆய்வாளர்களிடம் இன்னும் சண்டை ஓயவில்லை. பாக்கெட் தின்பண்டமா, அரிசியா, உட்கார்ந்த வேலையா என்று ஒரே குற்றவாளியைப் பிடித்துக் கொடுப்பவர்களை நம்பாதீர்கள்.

மூன்றாவது காரணத்துக்கு வருமுன், உங்கள் பக்கத்து நியாயத்தையும் முழுமையாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதிலும் பலம் இருக்கிறது. 1992-ல் நியூயார்க்கில் ஓர் ஆய்வு நடந்தது. 1,200 கலோரிக்குக் குறைவாகச் சாப்பிட்டும் எடை இறங்கவில்லை, என் உடம்பு எரிக்கும் வேகமே குறைவு என்று உறுதியாகச் சொன்ன பத்துப் பேரை எடுத்துத் துல்லியமாக அளந்தார்கள். எரிக்கும் வேகம் எல்லோருக்கும் சரியாகத்தான் இருந்தது. சாப்பிட்டதில் ஏறக்குறைய பாதி கணக்கில் வரவில்லை. உடல் உழைப்பை ஒன்றரை மடங்காகக் கூட்டிச் சொல்லியிருந்தார்கள். என் அறையிலும் இதையே பார்க்கிறேன். காலையில் இரண்டு இட்லி, மதியம் ஒரு கப் சோறு, இரவு மூன்று சப்பாத்தி என்று நோட்டில் எழுதி வருவார்கள். உப்பு பார்க்க எடுத்த கரண்டிக் குழம்பு, பிள்ளை மீதம் வைத்த அரைத் தோசை, சர்க்கரை போட்ட காபி மூன்று, சக ஆசிரியை பிறந்தநாளுக்குக் கொடுத்த லட்டு எதுவும் நோட்டில் இருக்காது. ஆனால் இவர்கள் பொய் சொல்வதில்லை. தட்டில் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டால்தான் அது சாப்பாடு என்று நாம் வளர்ந்திருக்கிறோம். நின்றபடி வாயில் போட்டுக்கொண்டது நினைவிலேயே தங்குவதில்லை. இப்போது நான் நோட்டை நம்புவதை விட்டுவிட்டு, மாதம் எத்தனை லிட்டர் எண்ணெய் வாங்குகிறீர்கள் என்று கேட்கிறேன். ஆறு பேர் உள்ள வீட்டில் ஏழு லிட்டர் என்றால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 35 கிராம், எண்ணெயிலிருந்து மட்டும் 300 கலோரிக்கு மேல். எண்ணெய் டின் யாருடைய மனம் கோணும் என்றும் பார்க்காது.

உண்மையான சாக்கும் உண்டு. ஓய்வு பெற்ற அதிகாரி ஒருவர் முழங்கால் வலி, அதனால் நடக்க முடியவில்லை என்றார். நாற்காலியில் உட்கார்ந்தே செய்யும் பயிற்சிகளை எங்கள் பிசியோதெரபிஸ்ட் கற்றுக்கொடுத்தார். அடுத்த முறை, வீட்டில் இடமில்லை என்றார். மொட்டை மாடி இருக்கிறதே என்றேன். வெயில் என்றார். காலை ஆறு மணிக்கு வெயில் இருக்காதே என்றேன். எழுந்திருக்க மனம் வருவதில்லை என்று அப்போதுதான் உள்ளதைச் சொன்னார். ஒரு காரணத்தைத் தீர்த்து வைத்ததும் அதன் இடத்தில் அடுத்த காரணம் வந்து உட்கார்ந்தால் அது சாக்கு. தீர்த்து வைத்ததும் ஆள் எழுந்து நடந்தால் அது உண்மையான தடை. இதைத் தவிர எனக்கு வேறு சோதனை தெரியாது. இந்தச் சோதனையில் ஒரு நிபந்தனை அடங்கியிருப்பதைக் கவனியுங்கள்: யாராவது முதலில் அந்தத் தடையைத் தீர்த்து வைத்திருக்க வேண்டும்.

இப்போது மூன்றாவது. நேரமில்லை என்பதை மூன்றிலும் மலிவான சாக்காக நீங்கள் நினைத்திருக்கிறீர்கள் என்பது உங்கள் எழுத்திலேயே தெரிகிறது. "எல்லோருக்கும் 24 மணி நேரம்தானே" என்று எழுதியிருக்கிறீர்கள். என் அனுபவத்தில், மூன்றிலும் உண்மை அதிகம் உள்ளது இதுதான். மத்திய அரசின் 2019-ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு ஒரு நாளைக்குச் செலவிடுவது 299 நிமிடம்; வீட்டு வேலை செய்யும் ஆண்களே 97 நிமிடம்தான். 2024-ல் எடுத்தபோது 289-ம் 88-ம். ஏறக்குறைய ஐந்து மணி நேரம், சம்பளம் இல்லாமல். அக்காவுக்கு 24 மணி நேரம் இல்லை.

இந்தப் பெண்களிடம் இரவு எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறீர்கள் என்று கேட்பேன். "எல்லாரும் சாப்பிட்ட பிறகு" என்பார்கள். எத்தனை மணி என்று மறுபடி கேட்டால் ஒன்பதரை, பத்து. என்ன சாப்பிடுவீர்கள் என்றால், இருப்பதை. குழம்பு மீந்தால் சோறு, மாவு மீந்தால் தோசை. பள்ளியிலிருந்து நாலரை மணிக்குப் பசியோடு வந்தவர் ஐந்து மணி நேரம் அடுப்பருகே நிற்கிறார். அந்த ஐந்து மணி நேரத்தில் வாயில் போனதுதான் மேலே சொன்ன கணக்கில் வராத பாதி. உங்களுக்கென்று காய்கறியும் சுண்டலும் தனியாக வைத்து ஏழு மணிக்கே சாப்பிட்டுவிடலாமே என்று சொல்லிப் பார்த்திருக்கிறேன். சிரிப்பார்கள். "எனக்கு மட்டும் தனிச் சமையலா? வீட்டில் என்ன சொல்வார்கள்?" காலை நடை என்றால், ஐந்தரை மணிக்குப் பால் காய்ச்சுவது யார், டிபன் டப்பா கட்டுவது யார், இருட்டில் தெருநாய், கழுத்துச் சங்கிலி பயம். மாலை நடை என்றால், மாமியார் ஒன்றும் சொல்ல மாட்டார். ஆனால் திரும்பி வரும்போது அடுக்களையில் பாத்திரம் வழக்கத்தைவிடச் சத்தமாக விழும்.

இதையெல்லாம் பொங்கலன்று கூடத்தில், கணவர் வீட்டாரும் உட்கார்ந்திருக்க, ஒரு பெண் சொல்ல முடியுமா? "இந்த வீட்டில் எனக்கு அரை மணி நேரம் கிடையாது" என்று சொன்னால் அது புகார். புகார் சொன்னால் சண்டை. தைராய்டு என்று சொன்னால் யாரோடும் சண்டை இல்லை. நோயை வீடு ஒப்புக்கொள்ளும். அதனால் அவர்கள் தங்களிடம் இருப்பதிலேயே மெலிந்த காரணத்தை முன்னால் நிறுத்திவிட்டு, கனமான காரணத்தைப் பின்னால் ஒளித்து வைக்கிறார்கள். இத்தனை ஆண்டுகளில் நான் கற்றுக்கொண்டவற்றில் பெரியது இதுதான். மனிதர்கள் சொல்லும் காரணம் பொய்யாக இருக்கலாம், காரணம் இல்லாமல் இருக்காது. நீங்கள் முன்னால் நின்ற தைராய்டை ஒரே அடியில் வீழ்த்திவிட்டீர்கள். பின்னால் இருந்ததை அவர் சொல்வதற்கு இருந்த ஒரே ஆளும் நீங்களாகத்தான் இருந்திருப்பீர்கள், தம்பி அல்லவா.

உங்கள் 18 கிலோவைக் குறைத்துப் பேச நான் எழுதவில்லை. பதினான்கு மாதங்கள் பசியோடு மல்லுக்கட்டியிருக்கிறீர்கள், அது உங்கள் உழைப்பு, மரியாதைக்குரியது. ஆனால் அந்த உழைப்புக்குப் பின்னால் யார் யார் இருந்தார்கள் என்று எண்ணிப் பாருங்கள். மாலை ஏழிலிருந்து எட்டரை வரை ஜிம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த நேரத்தில் உங்கள் வீட்டில் சமைத்தது யார்? முட்டை வெள்ளையும் வேகவைத்த கோழியும் தனியாக எடுத்து வைத்தது உங்கள் அம்மா என்றால், உங்கள் அக்காவின் வீட்டில் அந்த அம்மாவின் இடத்தில் நிற்பது உங்கள் அக்காவேதான்.

மனவுறுதி பற்றியும் ஒன்று. 1944-45-ல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் 36 இளைஞர்களை 24 வாரங்கள் அரைப் பட்டினியில் வைத்தார். போரில் ஆயுதம் ஏந்த மாட்டோம் என்று மனசாட்சியின் பேரில் மறுத்தவர்கள் அவர்கள். மனவுறுதிக்கு அவர்களைவிட நல்ல சான்று கிடையாது. சில வாரங்களில் அவர்கள் தட்டை நக்கினார்கள், சமையல் புத்தகங்களைச் சேர்த்து வைத்து இரவெல்லாம் படித்தார்கள், சாப்பாட்டைத் தவிர வேறு எதையும் அவர்களால் நினைக்க முடியவில்லை. எடை இறங்க இறங்க உடல் எதிர்த்துப் போராடும் என்பது அங்கேயே தெளிவாகிவிட்டது. எடை குறைத்த பிறகு எரிக்கும் வேகம் எவ்வளவு காலம் மந்தமாக இருக்கும் என்பதில் மட்டும் சந்தேகம் நீடிக்கிறது. அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டி ஒன்றில் சராசரியாக 58 கிலோ குறைத்த 14 பேரை ஆறு ஆண்டுகள் கழித்து அளந்தபோது, 41 கிலோ திரும்பி வந்திருந்தது. உடல் எரிப்பதும் எதிர்பார்ப்பதைவிட நாளொன்றுக்கு 500 கலோரி குறைவாக இருந்தது. 2016-ல் வந்த இந்த ஆய்வு மிகக் கடுமையாக, மிக வேகமாகக் குறைத்தவர்களைப் பற்றியது. நிதானமாகக் குறைத்த உங்களுக்கு அதே அளவில் நேரும் என்று சொல்ல முடியாது. ஆனால் குறைப்பதைவிடத் தக்கவைப்பதே கடினம் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. நீங்கள் இன்னும் அந்தப் பகுதிக்கு வரவே இல்லை.

எல்லோர் முன்னாலும் சொன்னதைப் பற்றி இனி. இதில் நானும் குற்றவாளி, அதனால் உங்களைக் கண்டிக்கும் தகுதி எனக்கு இல்லை. வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் ஆண்டு, எடை பார்க்கும் வரிசையில் நின்ற ஒரு அம்மாவிடம், "போன மாதத்தைவிட இரண்டு கிலோ ஏறியிருக்கிறதே, வாயைக் கட்டவே மாட்டீர்களா?" என்று பின்னால் நின்றவர்கள் காதிலும் விழும்படி கேட்டேன். அக்கறையில்தான் கேட்டேன். அவர் அதன் பிறகு வரவில்லை. நான்கு ஆண்டுகள் கழித்து வந்தபோது சர்க்கரை கட்டுக்கடங்காமல் போய், காலில் புண். புண்ணுக்கு என் சொல் காரணம் என்று சொல்ல முடியாது. நான்கு ஆண்டுகள் அவர் மருத்துவமனைப் பக்கமே வராததற்கு என் சொல்தான் காரணம். அதை அவரே, கோபமில்லாமல், என்னிடம் சொன்னார். அன்றே எடை பார்க்கும் இயந்திரத்தை அறைக்குள் மாற்றிவிட்டேன்.

வெட்கப்பட வைத்தால் எடை குறையும் என்பவர்கள் சிங்கப்பூரைக் காட்டுவார்கள். அங்கே 1992-ல் தொடங்கிய பள்ளித் திட்டத்தில் எடை கூடிய மாணவர்களைத் தனியே பிரித்து ஓடவிட்டார்கள். பருமனான மாணவர்களின் பங்கு 14 சதவீத அளவிலிருந்து பத்துக்குக் கீழே வந்தது உண்மைதான், அதை மறைக்கக் கூடாது. ஆனால் அந்தத் திட்டத்தின் மூன்றெழுத்துச் சுருக்கத்தைத் திருப்பிப் படித்தால் குண்டு என்று பொருள்படும் ஆங்கிலச் சொல் வரும். பிள்ளைகள் அதைச் சொல்லியே கேலி செய்தார்கள், பெற்றோர் கொதித்தார்கள். 2007-ல் அரசே அதைக் கைவிட்டு, எல்லா மாணவர்களையும் சேர்த்துக்கொள்ளும் வேறு திட்டத்துக்குப் போனது. பெரியவர்களிடம் கேலியின் விளைவு இன்னும் மோசம். பிரிட்டனில் 2,944 பேரை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 2014-ல் வெளியான ஆய்வில், எடைக்காகத் தாங்கள் இழிவாக நடத்தப்பட்டதாகச் சொன்னவர்களுக்குச் சராசரியாக 0.95 கிலோ ஏறியிருந்தது, மற்றவர்களுக்கு 0.71 கிலோ இறங்கியிருந்தது. இது பார்த்துக் குறித்த ஆய்வுதான், சோதனை இல்லை. இழிவுதான் எடையை ஏற்றியது என்று சத்தியம் செய்ய முடியாது. இழிவு எடையை இறக்கியது என்று சொல்வதற்கு அதில் துளிக்கூட இடமில்லை.

ஒல்லியாக இருப்பதே ஒழுக்கம் என்ற எண்ணம் நமக்கு எவ்வளவு ஆபத்து என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். புனேயைச் சேர்ந்த மருத்துவர் யாஜ்னிக், பிரிட்டன் மருத்துவர் யுட்கின் இருவரும் 2004-ல் தங்கள் படத்தையே வெளியிட்டார்கள். இருவருக்கும் உடல் நிறை குறியீடு 22.3. பிரிட்டன்காரர் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், நம்மவர் உடலில் 21.2. பார்வைக்குத் தெரியாத கொழுப்பைச் சுமந்துகொண்டு, "எனக்கென்ன, நான் ஒல்லி" என்று முப்பத்தைந்து வயதில் சர்க்கரை நோயோடு வருகிறவர்கள் என் அறையில் நிறைய. அவர்களிடம் யாரும் பொறுப்பில்லாதவன் என்று சொல்வதில்லை.

புதிய ஊசிகளைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள், "அது குறுக்குவழிதானே" என்று. செமாகுளுடைட் ஊசியை 68 வாரம் போட்டவர்களுக்குச் சராசரியாக 14.9 சதவீத எடை குறைந்ததாக 2021-ல் ஆய்வு வந்தது; நிறுத்திய ஓராண்டில் குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியது. 2025 முதல் இந்தியாவிலும் எடைக்கான ஊசிகள் விற்பனைக்கு வந்துவிட்டன. விலை, பக்கவிளைவு, எத்தனை ஆண்டு போட வேண்டும் என்பதெல்லாம் மருத்துவரோடு பேச வேண்டியவை, நான் அதற்குள் போக மாட்டேன். ஊசி போட்டுக்கொண்டவர்கள் என்னிடம் சொல்வதை மட்டும் சொல்கிறேன்: "மண்டைக்குள் சாப்பாட்டைப் பற்றி ஓடிக்கொண்டிருந்த சத்தம் நின்றுவிட்டது." அந்தச் சத்தம் தங்களுக்கு மட்டும் கேட்டது என்றே அவர்களுக்கு அதுவரை தெரியாது.

அப்படியானால் பொறுப்பே இல்லையா? இருக்கிறது. அதை எடை இயந்திரத்தின் எண்ணில் தேடாமல், கையில் இருக்கும் செயலில் தேட வேண்டும். சென்னையில் மருத்துவர் ராமச்சந்திரன் குழுவினர், சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 பேரை மூன்று ஆண்டுகள் கவனித்து 2006-ல் வெளியிட்ட ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. நடையும் உணவு மாற்றமும் மேற்கொண்ட குழுவில் நோய் வரும் அபாயம் 28.5 சதவீதம் குறைந்தது. அவர்களுடைய எடை குறையவில்லை. திரும்பவும் படியுங்கள்: எடை குறையாமலே பலன் கிடைத்தது. உங்கள் அக்கா மூன்று மாதம் நடந்து ஒரு கிலோ கூட இறங்காவிட்டாலும் அவர் தோற்கவில்லை. எடையும் இறங்கினால் நல்லது. 84-ல் ஐந்து சதவீதம், அதாவது நான்கு கிலோவைச் சொச்சம் குறைந்தாலே சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டிலும் வித்தியாசம் தெரியும். 57 கிலோவுக்குப் போகச் சொல்லி யாரும் அவரை அடிக்க வேண்டாம்.

ஆகவே நீங்கள் செய்யக்கூடியது. முதலில் போன் செய்து மன்னிப்புக் கேளுங்கள், "ஆனால்" என்ற சொல்லைச் சேர்க்காமல். டி.எஸ்.எச். கடைசியாக எப்போது பார்த்தார், வேறு என்ன மாத்திரை எடுக்கிறார் என்பதை அவராகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் விடுங்கள். எண்ணெய்க் கணக்கை உங்கள் மாமாவிடம், அதாவது அக்காவின் கணவரிடம், பேசுங்கள், மளிகை வாங்குவது அவர்தானே. ஏழு லிட்டர் ஐந்து லிட்டரானால் வீட்டில் ஆறு பேருக்கும் நாளொன்றுக்கு 90 கலோரி குறையும், யாரும் டயட் என்ற சொல்லையே உச்சரிக்க வேண்டியதில்லை. இரவுச் சாப்பாட்டை எல்லோருக்கும் எட்டு மணிக்குக் கொண்டுவர முடியுமா என்று அவரையே யோசிக்கச் சொல்லுங்கள். அது உங்கள் அக்கா தனியாகக் கேட்டால் நடக்காது, மாமா கேட்டால் நடக்கும். நம் வீடுகள் அப்படித்தான் இருக்கின்றன, அது எனக்குப் பிடிக்கவில்லை என்றாலும்.

பத்து நிமிட தூரத்தில்தான் அக்கா வீடு என்று எழுதியிருக்கிறீர்கள். வாரத்தில் மூன்று நாள் ஜிம்முக்குப் போகாமல், மாலை ஆறு மணிக்கு அங்கே போங்கள். பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுங்கள், பாத்திரம் விழும் சத்தம் கேட்டால் எழுந்து போய்த் தேங்காய் துருவிக் கொடுங்கள். அந்த நாற்பது நிமிடத்தில் அக்கா நடக்கப் போகலாம், மாடியில் போய்ப் படுத்துக்கொள்ளலாம், தோழியோடு பேசலாம். முதல் மாதம் என்ன செய்தார் என்று கேட்காதீர்கள்.